வளையும் சோலார் பேனல் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பிடித்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாம்

ஃபைபர் படகின் கேபின் கூரை, டெம்போ வேன், டிபன் வண்டியின் மேல்தகடு: கண்ணாடி பேனலை ஏற்ற முடியாத, ஏற்றினாலும் ஆட்டம் தாங்காத இடங்களில்தான் இந்த வளையும் பேனல் வந்து உட்காருகிறது. 100 வாட் கண்ணாடி பேனல் 6, 7 கிலோ இருக்கும். இது 2, 3 கிலோ. தடிமன் 3 மில்லிமீட்டருக்குள். ஒரு கையால் தூக்கி ஒட்டிவிடலாம். ஆனால் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் பார்த்துக்கொண்டிருந்த காவல் வேலையை இதில் பார்க்க ஆள் கிடையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சிலிக்கான் செல்தான். அப்பளம் மாதிரி நொறுங்கும். வளைவது மேலும் கீழும் உள்ள பிளாஸ்டிக் தாள். செல் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

கடற்கரையோரம் படகுகளுக்கும் வேன்களுக்கும் இதைப் பொருத்துவதும், பொருத்தியதைக் கழற்றுவதும் என் பிழைப்பு. பழுதோடு வருகிறவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே தலைப்பு வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், அளக்கும் முறை அதில்தான் இருக்கிறது.

கையில் 10 ஆம்பியர் டிசி அளக்கும் மல்டிமீட்டர், ஈரத்துணி, பேனலை மூட ஒரு கனத்த சாக்கு இருந்தால் போதும். எந்தக் கனெக்டரைப் பிரிப்பதாக இருந்தாலும் முதலில் சாக்கைப் போட்டு மூடுங்கள். டிசியில் பிடிக்கும் தீப்பொறி ஏசி மாதிரி சட்டென்று அணையாது.

"வோல்ட் காட்டுது, பேட்டரி ஏறல"

"அண்ணே, மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். 21 வோல்ட் நிக்குது. பேனல் நல்லாத்தான் இருக்கு, கன்ட்ரோலர்தான் அவுட்டு." கன்ட்ரோலர் என்பது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜை முறைப்படுத்தும் பெட்டி. இதைச் சொல்கிறவர்களில் பலர் புது கன்ட்ரோலரும் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். அதற்குப் பிறகும் ஏறாது.

வோல்ட்டை மட்டும் பார்த்து பேனலுக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். சுமை எதுவும் இழுக்காதபோது சோலார் செல் மூடிய வானத்திலும் ஏறக்குறைய முழு வோல்ட் காட்டும். செல்கள் விரிசல் விட்டிருந்தாலும் காட்டும். குறைவது ஆம்பியர்தான். அதை அளக்க வேண்டும்.

வானம் தெளிவாக இருக்கும் நாளில், 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், பேனலைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். சாக்கால் மூடி, கன்ட்ரோலரிலிருந்து பேனல் வயர் இரண்டையும் பிரித்துவிடுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் பிளஸ், மைனஸ் இரண்டையும் நேராக மீட்டர் முனைகளோடு சேர்த்துவிட்டுச் சாக்கை எடுங்கள். பேனலை இப்படிக் குறுக்கே இணைப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியில் இதைச் செய்தால் மீட்டரும் போகும், கையும் போகும். அளந்து முடித்ததும் சிவப்பு வயரை மறக்காமல் பழைய துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டுப் பேட்டரி வோல்ட் பார்க்கப் போய் மீட்டரைப் புகைத்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருமுறை.

100 வாட், 12 வோல்ட் பேனலின் பின்பக்கச் சீட்டில் சுமையில்லா வோல்ட் 21 அல்லது 22, வேலை வோல்ட் 18, குறுக்கு மின்னோட்டம் (இப்போது அளந்தீர்களே, அது) சுமார் 6 ஆம்பியர் என்று போட்டிருக்கும். உச்சி வெயிலில் மீட்டர் 5க்கு மேல் காட்டினால் பேனலைச் சந்தேகப்பட வேண்டாம். 3, 4 என்றால் அழுக்கு, நிழல் அல்லது உடைந்த செல். 2க்குக் கீழே என்றால் உள்ளே காயம் பலமாகப் பட்டிருக்கிறது. வோல்ட் இருந்தும் ஆம்பியர் சுத்தமாக இல்லையென்றால், எங்கோ ஒரு இணைப்பு நூலிழையில் தொங்குகிறது.

பேனல் தேறிவிட்டதா? இனி வயரோடு நடந்து வாருங்கள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பேனலில் வயர் வெளியே வரும் பெட்டி அருகே ஒரு வோல்ட், கன்ட்ரோலர் வாசலில் ஒரு வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் சூடாகித் தொலைகிற மின்சாரம். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால், போக வர 20 மீட்டர். 6 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1.5 வோல்ட் போய்விடும். அதே இடத்தில் 4 சதுர மி.மீ. வயர் என்றால் அரை வோல்ட்தான். வீட்டு ஃபேனுக்கு வாங்கி மிச்சமிருந்த வயரை இதற்குப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து, கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலும் பேட்டரியின் தலையிலும் பாருங்கள். இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. பேட்டரி நிரம்பிவிட்டதா என்பதைக் கன்ட்ரோலர் தன் முனையில் தெரியும் வோல்ட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நடுவில் ஃபியூஸ் கூடு உப்பேறிப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், பேட்டரி பசியோடு இருக்கும்போதே கன்ட்ரோலர் பந்தியை முடித்துவிடும்.

கடைசியாகத்தான் கன்ட்ரோலர். பல கன்ட்ரோலர்கள் பேட்டரியை இணைத்ததும் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தாமாகவே தீர்மானிக்கும். பேனலை முதலில் மாட்டினால் தப்பாகத் தீர்மானித்துவிட்டு நாள் முழுக்க முழித்துக்கொண்டிருக்கும். மாட்டும்போது பேட்டரி முதலில், கழற்றும்போது பேனல் முதலில். எம்பிபிடி (பேனலின் உபரி வோல்ட்டைக் கூடுதல் ஆம்பியராக மாற்றித் தரும் கன்ட்ரோலர்) வகையில் சில, பேனல் வோல்ட் பேட்டரியைவிட 5 வோல்ட் அதிகமாக இருந்தால்தான் காலையில் கண்ணையே திறக்கும். 24 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் பேனல் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும்.

எம்பிபிடி என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே சாதாரண பிடபிள்யூஎம்தான் இருக்கும் மலிவுப் பெட்டிகள் சந்தையில் ஏராளம். கண்டுபிடிப்பது சுலபம். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது பேனல் பக்கம் எத்தனை ஆம்பியர், பேட்டரி பக்கம் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். உண்மையான எம்பிபிடி என்றால் பேட்டரி பக்கம் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அது பிடபிள்யூஎம். பேனலை இழுத்துப் பேட்டரியின் 13 வோல்ட்டில் உட்கார வைத்துவிடும். 5.5 ஆம்பியர் × 13 வோல்ட், ஆக 100 வாட்டில் உங்களுக்கு வந்து சேருவது 71 வாட்.

"காலையில நல்லா ஏறுது, உச்சி வெயில்ல படுத்துடுது"

முதலில் கன்ட்ரோலர் திரையைப் பாருங்கள். 14.4 வோல்ட் காட்டிக்கொண்டு ஆம்பியர் குறைந்தால் பேட்டரி நிரம்பி வருகிறது என்று பொருள். பழுதே இல்லை. ஒன்றுமில்லாததற்கு என்னைப் படகுத்துறை வரை வரவழைத்தவர்கள் உண்டு.

பேட்டரி 13 வோல்ட்டிலேயே நின்றுகொண்டு, 11 மணிக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்தால் அது சூடு. பேனல் சீட்டில் உள்ள கணக்கெல்லாம் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. சித்திரை வெயிலில், கூரையோடு கூரையாக ஒட்டிய பேனலின் செல் 70 டிகிரிக்குப் போவது சாதாரணம். கண்ணாடி பேனலுக்கு அடியில் காற்றோடும். இதற்கு அடியில் பசைதான். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறன் குறையும். 45 டிகிரி கூடுதல் என்றால் 18 சதவீதம் போயிற்று. அதைவிடப் பொல்லாதது வோல்ட் இறங்குவது: 18 இருந்த வேலை வோல்ட் 15 பக்கம் வந்து நிற்கும். அதில் மேலே சொன்ன மெலிந்த வயர் 1.5 தின்றால் மிச்சம் 13.5. ஈயப் பேட்டரி நிரம்ப 14.4 வேண்டும். வெயில் கொளுத்தக் கொளுத்தப் பேட்டரி நிரம்பாமல் கிடப்பது இதனால்தான்.

உறுதிசெய்ய, சார்ஜ் ஓடும்போதே பேனல் மேல் சாதாரணத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எண்கள் மேலேறினால் சூடுதான் காரணம். கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் காற்று போக வழி செய்யுங்கள். நான் செய்வது, உள்ளே குழல் குழலாக இருக்கும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தாளை 6 அல்லது 10 மி.மீ. தடிமனில் வெட்டி, அதன்மேல் பேனலை ஒட்டி, தாளைக் கூரையில் பட்டை பட்டையாகப் பசையிட்டுப் பதிப்பது. குழல்களின் வாய் வண்டி ஓடும் திசையைப் பார்த்திருந்தால் ஓட்டத்திலேயே காற்று உள்ளே புகுந்து வெளியேறும். முழுப் பரப்புக்கும் பசை பூசுவது பார்க்கக் கச்சிதம், பேனலுக்குக் கேடு.

மெல்லக் குறையாமல், சூடு ஏறியதும் ஸ்விட்சை அணைத்த மாதிரி பொட்டென்று போய்விட்டால் விஷயம் வேறு. உள்ளே செல்லையும் செல்லையும் இணைக்கும் உலோகப் பட்டி ஒன்று அறுந்திருக்கிறது. குளிர்ச்சியில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் விரிந்து விலகியும் விளையாடுகிறது. அதற்கு அடுத்த தலைப்பு.

"அமுக்கினா வருது, விட்டா போயிடுது"

மீட்டரை ஆம்பியரில் மாட்டிவைத்துக்கொண்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். நிழல் விழாத பக்கமாக நில்லுங்கள். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கேதான் காயம். வயர் வெளியே வரும் கறுப்புப் பெட்டியருகே துள்ளினால் பெட்டிக்குள் பட்டி விட்டிருக்கும். அதைச் சில நேரம் பற்றவைத்துக் காப்பாற்றலாம். நடுவில் துள்ளினால் காப்பாற்ற வழியில்லை.

இது எப்படி வருகிறது? ஒன்று, மிதித்திருப்பார்கள். கேபின் மேலே ஏறி வலை இழுக்கிறவருக்குக் காலடியில் இருப்பது கறுப்புத் தாள்தான். இரண்டு, கண்ணியில் கயிறு கோத்து டிபன் வண்டித் துணிக்கூரையில் கட்டியிருப்பார்கள். காற்றில் நாள் முழுக்கப் படபடவென்று அடித்தால் செல் என்ன ஆகும்? வளையும் பேனலை ஒரு வளைவில் ஒருமுறை வைத்து அசையாமல் பொருத்த வேண்டும். பாய் மாதிரி தினம் சுருட்டி விரிக்கும் சரக்கு அல்ல அது. அப்படி வேண்டுமென்றால் மடிப்பு வகையோ, செல்லை மெல்லிய பூச்சாகப் படியவைத்த மென்படல வகையோதான் வாங்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் வளைவு 30 டிகிரிதான். அதுவும் ஒரு திசையில் மட்டும். பானை முதுகு போல இரு பக்கமும் வளையும் கூரையில் ஒட்டினால் முதல் நாளே விரிசல்.

பேனலில் எங்கே அழுத்தினாலும் எண் அசையவில்லை, வயரை ஆட்டினால்தான் அசைகிறது என்றால் உங்களுக்கு நல்ல காலம். பேனல் வயர்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய உலோக முனை வயரிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும். அதற்கென்று உள்ள கிரிம்ப் கருவியால்தான் அழுத்த வேண்டும். ஒரு கம்பெனியின் ஆணும் இன்னொரு கம்பெனியின் பெண்ணும் சேர்ந்துவிட்ட மாதிரிதான் தெரியும், உள்ளே பிடிப்பு தளர்ந்து சூடேறும். கடலோரத்தில் செப்புக் கம்பி ஒரே வருஷத்தில் பச்சையாகி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். ஈயமுலாம் பூசிய வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் அதை வாங்குங்கள்.

"மொத்தமே 11 வோல்ட்தான் வருது"

இதைக் கேட்டால் நான் பேனலைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்: டயோடு. கறுப்புப் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு பைபாஸ் டயோடுகள் இருக்கும். பேனலின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று. அந்தப் பாதியில் நிழல் விழுந்தால் மின்சாரத்தைச் சுற்றிவிடுவது அதன் வேலை. பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலோ, பெட்டிக்குள் சூடு தாங்காமல் போனாலோ அது ஒரேயடியாக ஒட்டிக்கொண்டுவிடும். பாதிப் பேனல் அப்போதே கணக்கில் இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே சிலிக்கான் ஊற்றி அடைத்திருக்கும். பொறுமையாகச் சுரண்டி எடுக்க முடிந்தால் 10 ஆம்பியருக்குக் குறையாத ஷாட்கி டயோடு ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும். முடியாவிட்டால் அந்த 11 வோல்ட்டில் ஒரு 5 வோல்ட் யுஎஸ்பி மாற்றியை மாட்டி போன் ஏற்ற வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பேனலோடு இணையாக மட்டும் சேர்க்காதீர்கள்.

"பேனல்ல பழுப்பா ஒரு தீஞ்ச வட்டம்"

உடனே மூடுங்கள், கழற்றுங்கள். இந்தப் பட்டியலில் தீப்பிடிக்கக்கூடியது இதுதான். தொடரில் உள்ள செல்களில் ஒன்று மட்டும் நிழலில் மாட்டினாலோ உடைந்தாலோ, மற்ற செல்கள் தரும் மின்சாரத்தை அது உற்பத்தி செய்யாமல் உள்வாங்கிச் சூடாகும். கண்ணாடி இருந்தால் சூடு கொஞ்சம் பரவும். இங்கே பிளாஸ்டிக் பழுத்துக் கருகும். அடியில் பிளைவுட்டோ, தெர்மாகோலோ, தார்ப்பாயோ இருந்தால் பற்றும். பெயின்ட் அடிப்பதும் டேப் ஒட்டுவதும் தீர்வே இல்லை.

காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். வயர்லெஸ் ஆன்டெனாவின் நிழல், கொடிக்கம்பம், கேரியர் கம்பி, காயப்போட்ட வலையின் ஓரம், காக்கை எச்சம். புதுப் பேனலை ஒட்டும் முன் காலை 9, நண்பகல், மாலை 4 என்று மூன்று வேளை கூரையில் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். நம் ஊரில் வெயில் வருஷத்தில் இரண்டு முறை நேர் தலைக்கு மேல் வந்துபோகிறது, அதனால் பேனலைத் தட்டையாக வைப்பதில் பெரிய நஷ்டமில்லை. தட்டையாக இருப்பதால் தூசியும் எச்சமும் மழைக்குக்கூட நகராது என்பதுதான் தொல்லை.

"மேல்தாள் மஞ்சளாயிடுச்சு, கொப்புளம் கொப்புளமா இருக்கு"

மேல்தாள் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்காக இருக்கும். வழவழவென்று பளபளப்பாக இருப்பது அது. நம் வெயிலில் சீக்கிரமே மங்கி வெடிக்கும். இடிஎஃப்இ என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் தாள் பெரும்பாலும் சின்னச் சின்ன மேடு பள்ளமாக வரும், பல மடங்கு தாங்கும். ஆனால் அந்தப் பள்ளங்களில் உப்பும் அழுக்கும் அடையும். நல்ல தண்ணீரும் மெல்லிய சோப்பும் துணியும் போதும். பாத்திரம் தேய்க்கும் நார், தின்னர், மண்ணெண்ணெய் கூடாது. கொப்புளம் நடுவில் இருந்தால் கண்காணியுங்கள். ஓரம் வரை ஓடிவிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், பட்டிகள் அரித்துப்போகும். மாற்றத் தயாராகுங்கள்.

"300 வாட்னு வாங்கினேன், 80கூட வரல"

டேப்பை எடுத்து அளவெடுங்கள். ஒரு சதுர மீட்டர் நல்ல செல் முழு வெயிலில் தருவது 200 வாட் சொச்சம். அரை சதுர மீட்டர் பேனலில் 100 வாட்டுக்குச் சற்று மேல் எதிர்பார்க்கலாம். அதில் 300 என்று ஒட்டியிருந்தால் பழுது சீட்டில் இருக்கிறது.

"போன் ஏறுது, மேகம் வந்துட்டுப் போனா நின்னுடுது"

மடித்து எடுத்துப்போகும் யுஎஸ்பி பேனல்களின் புகார். கிடை போட்டு ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போகிறவர்கள் முதல் மலையேறுகிறவர்கள் வரை எல்லோருக்கும் இதே கதை. மேகம் மறைத்ததும் 5 வோல்ட் சரிகிறது; போன் "இது பலவீனமான சார்ஜர்" என்று முடிவுகட்டி, வெயில் திரும்பிய பிறகும் சொட்டுச் சொட்டாகவே எடுக்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சரியாகும், ஆனால் நாள் முழுக்க அதையே செய்ய முடியுமா? பேனலிலிருந்து பவர் பேங்க், மாலையில் பவர் பேங்கிலிருந்து போன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலில் பேனலுக்கு மேலேயே பவர் பேங்கை வைக்காதீர்கள், நிழலில் தள்ளி வையுங்கள்.

"பகல் பூரா ஏறியும் ராத்திரி எட்டு மணிக்கே பேட்டரி தீந்து கத்துது"

பேனல் தேறிவிட்டால் இது வரவுசெலவுக் கணக்கு. தட்டையாக வைத்த 100 வாட், நம் பக்கம் நல்ல நாளில் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகப் பெறும். சூடு, வயர், பேட்டரி இழப்பெல்லாம் போக 350 வாட்-மணி கைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் பாதிகூட வராது. செலவில் யாரும் கவனிக்காதது இன்வர்ட்டர். எதையும் ஓட்டாமல் சும்மா ஆனில் இருந்தாலே 0.7 ஆம்பியர் இழுக்கும் ரகங்கள் சாதாரணம். 24 மணி நேரத்துக்கு 17 ஆம்பியர்-மணி, அதாவது 200 வாட்-மணி; பேனல் சம்பாதித்ததில் பாதிக்கு மேல். விளக்கு, ஜிபிஎஸ், மீன் பார்க்கும் கருவி, போன் எல்லாமே 12 வோல்ட்டிலேயே ஓடும். இன்வர்ட்டரை அணைத்து வைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

லித்தியம் பேட்டரி போட்டவர்களுக்கு இன்னொரு வகை: பேட்டரி சுத்தமாக 0 வோல்ட் காட்டும், கன்ட்ரோலரும் செத்த மாதிரி இருக்கும். அடிமட்டம் வரை இறங்கியதால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) கதவைச் சாத்திவிட்டது. பேட்டரியில்லாமல் கன்ட்ரோலர் விழிக்காது, சார்ஜ் வராமல் பிஎம்எஸ் திறக்காது. அந்த வகைக்கான சார்ஜரையோ, நல்ல நிலையில் உள்ள இன்னொரு 12 வோல்ட் லித்தியம் பேட்டரியையோ ஃபியூஸ் வைத்து ஒரு நிமிடம் இணையாகக் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

"சார்ஜ் ஏறுறப்ப வயர்லெஸ் இரையுது"

பகலில் மட்டும் இரைச்சல், பேனலைச் சாக்கால் மூடினால் நின்றுவிடுகிறது என்றால் மலிவுக் கன்ட்ரோலரின் சத்தம்தான். அதை வயர்லெஸ் செட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், பிளஸ் மைனஸ் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள், வயரில் ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் கறுப்பு வளையம்) மாட்டுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் கன்ட்ரோலரை மாற்றுங்கள். கடலில் அந்தச் செட் உயிர் சமாச்சாரம்.

கழற்றும் முறை

மாற்றியே ஆக வேண்டும் என்றாகிவிட்ட பேனலை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள், கூரை ஃபைபரும் சேர்ந்து பெயரும். தடித்த மீன்பிடி நரம்பை இரண்டு குச்சியில் சுற்றிக்கொண்டு, ஓரத்தில் நுழைத்து, ரம்பம் மாதிரி இழுத்துக்கொண்டே போனால் பசை அறுந்து வரும். வெயில் ஏறிப் பசை இளகிய நேரம் இன்னும் சுலபம். பேனல் மேல் சாக்கு இருக்கட்டும், வயர் முனைகளில் டேப் சுற்றியிருக்கட்டும். கழற்றியதை எரிக்கவோ கடலோரம் வீசவோ கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது. விற்ற கடையிலோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். வயரையும் கனெக்டரையும் வெட்டி வைத்துக்கொள்ளலாம், நல்லதாக இருந்தால்.